மானுவா வாசலில் ஒரு நீலக் கார்

ரஞ்சினி அக்கா தமிழ்தான் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது அவருடைய உள்ளங்கை.

2004 இலையுதிர் காலம். பிராங்பேர்ட்டில் நான் வேலை பார்த்த வங்கியின் கணினிப் பிரிவில் ஒருவருக்கு வழியனுப்பு விருந்து. கண்காட்சி வளாகத்துக்குப் பின்னால் ஒரு குறுகிய தெருவில் இருந்த 'மானுவா' என்ற உணவகத்துக்கு எங்களை அழைத்துப்போனார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஜெர்மன் வீட்டின் தரைத்தளம், ஜன்னலெல்லாம் மூங்கில் தட்டியால் அடைத்திருந்தது. இரண்டு படி ஏறி உள்ளே போனால் திடீரென்று தென்கடல் தீவு. சுவரெல்லாம் பாய், கூரையெல்லாம் மீன்வலை, ஊதிப் பருத்த மீன்களுக்குள் விளக்கு, மூலைக்கு மூலை நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கும் மரச்சிலைகள். மது கலக்கும் மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அருவி வேறு. அவ்வப்போது எங்கிருந்தோ இடி இடித்தது, மழைச் சத்தம் கேட்டது. நான் குடையைத் தேடினேன். ஒலிநாடாவாம்.

இந்த மாதிரி இடத்தை டிக்கி பார் என்பார்கள். பசிபிக் தீவுகளைச் சரியாகப் பார்க்காத அமெரிக்கர்கள் கற்பனையில் கட்டியது. அதைப் பார்த்து ஜெர்மன்காரர்கள் கட்டியது இது. 1971இல் திறந்த கடை, அதற்கப்புறம் ஓர் ஆணிகூட மாறவில்லை என்று என் மேலாளர் பெருமையாகச் சொன்னார். நடுவில் நெருப்பு எரியும் சுழல் தட்டில் அன்னாசி, இறால், பன்றி விலா. ஆளுயரம் என்றே சொல்லத்தக்க ஒரு கிண்ணத்தில் ஏதோ ரம், அதில் ஆறு பேர் ஆறு நீளக் குழலைப் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். எச்சில் என்று ஒன்று இருப்பதே இவர்களுக்குத் தெரியாதா என்று யோசித்தபடி நான் என் அன்னாசிச் சாற்றோடு மேடைப் பக்கம் ஒதுங்கினேன்.

அங்கே ஒரு பெண் மது கலந்துகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். பெரிய பெரிய பூப்போட்ட சட்டை, இழுத்து முடிந்த கொண்டை. குலுக்கி முடித்ததும் ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு எலுமிச்சை பிழிந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழம்பில் உப்புப் பார்க்கும் அந்தக் கையை உலகத்தில் எங்கே கண்டாலும் அடையாளம் தெரியும்.

"நீங்க தமிழா?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஓம். நீங்கள் இந்தியாவோ?"

"மதுரை. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அறிமுகம் ஆகமுந்தியே கேள்வி கேக்கிறியள்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. என் பெயர் நிருபமா. அடுத்தவர் கதை என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாளாவது வேலை முடிந்து ஆறு மணிவாக்கில் மானுவாவுக்குப் போய் மேடைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது. அவர் அன்னாசி வெட்டுவார், நான் அவர் வாயைப் பிடுங்குவேன்.

ரஞ்சினி அக்காவுக்கு ஊர் காரைநகர். யாழ்ப்பாணத்தோடு பாலத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் தீவு. வாடிக்கையாளர்கள் "நீங்கள் ஹவாயா?" என்று கேட்டால், "தீவுதான், ஆனால் வேறு கடல்" என்று ஜெர்மனில் சொல்வார். அவர்களுக்கு அதுவே போதும். அவர் உள்ளங்கையில் சொட்டு விட்டுப் பார்ப்பதை அந்தத் தீவுகளின் பழைய சடங்கு என்று நம்புகிறவர்கள் உண்டு. ஒரு மீசைக்காரர் தன் நண்பர்களுக்கு அதைக் கையசைத்து விளக்கியதை நானே பார்த்தேன். அக்கா முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

"நீங்க குடிப்பீங்களா அக்கா?"

"சீ. சொட்டு நாக்கில படும், துப்பிப்போடுவன். இனிப்பு, புளி, காரம், கைப்பு. நாலும் சண்டை பிடிக்காமல் இருந்தாச் சரி. சமையல்தானே."

அவர் அங்கே வந்தது 1989இல், பாத்திரம் கழுவ. அதற்கு முந்தைய வருடம்தான் ஜெர்மனிக்கே வந்திருந்தார். கணவர் ஞானசுந்தரம் இரண்டு வருடம் முன்னால் அகதியாக வந்து, பிறகு அவரைக் கூப்பிட்டிருக்கிறார். கழுவுமிடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பரிமாறுவது, அப்புறம் மேடை. முதலாளியம்மா ஃப்ராவ் பிரான்ட் அவரை வாசலில் நிறுத்தி, வருகிறவர்கள் கழுத்தில் பிளாஸ்டிக் பூமாலை போடச் சொன்னாராம். எல்லா டிக்கி பாரிலும் அதுதான் வழக்கம். அக்கா மாட்டேன் என்றுவிட்டார்.

"எல்லா ஆம்பிளையளின்ர கழுத்திலயும் நான் மாலை போடுறதோ? நல்ல கதை. ஒருத்தருக்குப் போட்டது போதும் எண்டு சொன்னன்."

அதனால் மானுவாவில் மாலையைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள், வருகிறவர்களே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். மற்ற இடங்களில் இல்லாத இந்த நாகரிகத்தைப் பாராட்டி ஒரு பத்திரிகையில்கூட எழுதினார்களாம். மரச்சிலைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவை யாருடைய சாமி என்று தெரியாது, ஆனால் யாருக்கோ சாமி என்று சொல்லி, அவற்றின் மேல் யாரும் கோட்டு மாட்ட விடமாட்டார். குடிபோதையில் ஒருவன் சிலையின் வாயில் சிகரெட்டைச் செருகியதற்கு அவனை வெளியே அனுப்பியிருக்கிறார். அருவி அடைத்துக்கொண்டால் கம்பியை விட்டுக் குத்துவதும் அவர்தான், இடி மழை ஒலிநாடா சிக்கினால் பென்சிலால் சுற்றிச் சரிசெய்வதும் அவர்தான். அந்தக் கடை யாருடையது என்று கேட்டால் நான் யோசிக்காமல் அக்காவைக் கைகாட்டியிருப்பேன். அப்படியொரு உரிமை அவர் நடையிலேயே இருந்தது.

எல்லாம் தெரிந்துகொண்டேன். ஒன்றுதான் பிடிபடவில்லை.

அக்காவுக்குப் பகல் முறை, வேலை ஏழு மணியோடு முடியும். ஆறரைக்கே தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு நீல நிறப் பழைய கார் வந்து நிற்கும். உள்ளே ஞானசுந்தரம் அண்ணை. விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் காலை வேலை, மத்தியானமே முடிந்துவிடும். மழையோ பனியோ, காரை விட்டு இறங்க மாட்டார். ஜனவரியில் ஒரு நாள் கண்ணாடியெல்லாம் உறைந்து வெள்ளையாக இருந்தது, உள்ளே மனிதர் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு படி ஏறினால் கதகதப்பான கடை. மனைவி வேலை பார்க்கும் இடம். ஏன் வரமாட்டேன் என்கிறார்? எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

முதலில் பக்திமான் என்று நினைத்தேன், மதுவாடை ஆகாது போலும் என்று. ஆனால் ஒரு நாள் ரயில் நிலையத்துக்கு வெளியே அவர் நின்றுகொண்டு சாசேஜ் கடிப்பதைப் பார்த்தேன். அந்த ஊகம் அதோடு போயிற்று. அக்காவிடமே கேட்டேன். அன்னாசியை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தாமல் பதில் சொன்னார்.

"அவருக்கு வெக்கம், பிள்ளை. பெண்சாதி பாரில நிண்டு சாராயம் ஊத்துறா எண்டு சனம் கதைக்கும்தானே."

"அவர் அப்படிச் சொன்னாரா?"

"சொல்லவேணுமே? பதினாறு வருசம் வெளியில நிக்கிற மனுசன் வேற என்னத்துக்கு நிப்பார்? ஒரு நாளும் வேலையை விடு எண்டு சொன்னதில்லை. அது அவற்ற நல்ல குணம். ஆனா உள்ளுக்கு வரவும் மாட்டார்."

சொல்லிவிட்டு அன்னாசித் துண்டங்களைத் தேவைக்கு மேல் சின்னதாக நறுக்கினார். எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் கோபமாக வந்தது. அக்காவின் உழைப்பு வேண்டும், அக்கா வேலை பார்க்கும் இடத்தைக் கண்ணால் பார்ப்பது மட்டும் கேவலமா என்று உள்ளுக்குள் பொருமினேன்.

2005 மே மாதம் அக்கா ஒரு நாள் என்னைக் கண்டதும் ஈரக் கையோடு வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஃப்ராவ் பிரான்டுக்கு எழுபத்தெட்டு வயது, இடுப்பெலும்பு ஒத்துழைக்கவில்லை. காசல் நகரில் இருக்கும் மகள் வீட்டோடு போகப்போகிறார். கைப்பேசி விற்கும் ஒரு நிறுவனம் கடையைக் கேட்டிருக்கிறது. அவர்கள் வந்தால் அருவி, மூங்கில், சிலை எல்லாவற்றையும் பெயர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பார்கள். கிழவிக்கு அதில் மனமில்லை. ரஞ்சினியே எடுத்து நடத்தட்டும் என்கிறார்.

"உங்களுக்கு ஆசையா அக்கா?"

அவர் மேடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "என்ர வாழ்க்கையில எனக்கெண்டு ஒண்டும் கேட்டதில்லை, பிள்ளை. இது வேணும். எவ்வளவு வேணும் எண்டு நேற்றுத்தான் எனக்கே தெரிஞ்சது. இரவு நித்திரை வரேல்லை."

"அப்புறம் என்ன? எடுத்துக்க வேண்டியதுதானே."

"மனிசி ஒரு நிபந்தனை வைக்குது."

கிழவியின் நிபந்தனை இதுதான். கடையை அவரும் இறந்துபோன கணவரும் சேர்ந்து நடத்தியவர்கள். கணவர் கப்பலில் சமையல்காரராக இருந்தவராம். ஒருவர் மட்டும் விரும்பி, மற்றவர் முகம் சுளிக்கும் கடை ஒரு வருடம்கூட நிற்காது என்பது கிழவியின் தீர்மானம். 'பதினாறு வருடமாக உன் புருஷனின் கார் விளக்கைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் உள்ளே வந்து என்னோடு சாப்பிடட்டும். வந்தால் கடை உனக்கு. வராவிட்டால் நான் கைப்பேசிக்காரனுக்குக் கொடுத்துவிடுகிறேன், உன் குடும்பத்தைப் பிரித்த பாவம் எனக்கு வேண்டாம்.'

ஜூன் இரண்டாம் சனிக்கிழமை என்று நாளும் குறித்துவிட்டார்.

"அண்ணைகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னன். சாப்பிட்டு முடிச்சார். பிறகு 'கடை உமக்கு விருப்பமோ' எண்டு கேட்டார். ஓம் எண்டன். 'யோசிப்பம்' எண்டுபோட்டுப் படுத்திட்டார்."

அவர் யோசிக்கட்டும், எனக்குப் பொறுமை இல்லை. அடுத்த வாரம் நல்ல மழை. மழையைச் சாக்காக வைத்துக்கொண்டு ஆறரைக்கு நேரே போய் நீலக் காரின் கண்ணாடியைத் தட்டினேன். அவர் கதவைத் திறந்துவிட்டார்.

"வாங்கோ தங்கச்சி. நனையுறியள்."

ஒல்லியான மனிதர், அமைதியான முகம். இருக்கைக்கு நடுவே சின்ன முருகன் படம், வானொலியில் மெல்லிய சத்தத்தில் செய்தி. நான் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேட்கலாமா? நீங்க ஏன் உள்ளே வர்றதில்ல? அக்கா வேலை உங்களுக்கு அவமானமா?"

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "ஆர் சொன்னது?"

அக்காவே அப்படித்தான் நினைக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். கணவன் மனைவிக்கு நடுவில் அவ்வளவு தூரம் போகக்கூடாது என்று எனக்கும் தெரியும். "நானா நினைச்சேன்" என்றேன்.

அவர் வானொலியை அணைத்தார். பிறகு, கேட்டவளுக்குப் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும் என்பது போலச் சொல்லத் தொடங்கினார்.

1988. அவர் ஹானவ் பக்கத்தில் ஓர் அகதி முகாமில் இருந்தார். அக்காவை ஏஜென்ட் ஒருவன் கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாகக் கூட்டி வருவதாக ஏற்பாடு. மொஸ்கோவரைக்கும் செய்தி இருந்தது. பிறகு இல்லை.

"நான் அப்ப நல்லாக் குடிப்பன், தங்கச்சி. பெடியளோட சேந்து ஒவ்வொரு நாளும். அண்டைக்கும் குடிச்சுக்கொண்டுதான் இருந்தனாங்கள். அப்ப கோல் வந்தது. அவையின்ர குழுவைக் காணேல்லையாம். பனியில நடந்து வந்த வேற ஆக்கள் செத்துப்போச்சினமாம். இவ அதில இருக்கிறாவோ இல்லையோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நான் வெறியில இருக்கிறன், அவ எங்கேயோ பனியில கிடக்கிறா. எனக்கு என்னைப் பாக்கவே அருவருப்பா வந்திட்டுது. போத்தலைக் கொண்டுபோய்ச் சிங்கில ஊத்தினன். நல்லூர் முருகனுக்கு நேர்த்தி வைச்சன். இவ உயிரோட வந்து சேர்ந்தால் இனி வாயிலயும் வைக்கமாட்டன், குடிக்கிற இடத்துப் படியில காலும் வைக்கமாட்டன் எண்டு."

"வந்துட்டாங்க."

"மூண்டு கிழமையால வந்து இறங்கினா. இஞ்சதான், பிராங்பேர்ட் ஸ்டேசனில. கை கால் எல்லாம் புண்."

மழை காரின் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. மெதுவாக விஷயம் உறைத்தது. வந்து இறங்கிய மனைவிக்கு அடுத்த வருடமே வேலை கிடைத்த இடம் மானுவா.

"நீங்க அக்காகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேலையை விட்டிருப்பா. சாமி காரியம் எண்டால் அவ யோசிக்கமாட்டா. வந்த புதுசில அவ ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லை, தங்கச்சி. சுவரைப் பாத்துக்கொண்டு இருப்பா. இஞ்ச பாத்திரம் கழுவப்போய் மூண்டாம் நாளோ நாலாம் நாளோ வீட்டுக்கு வரேக்க சிரிச்சா. ஏதோ அருவிக்குள்ள ஒருத்தன் விழுந்திட்டானாம். நான் அதைப் பாத்தன். பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

அந்த நேர்த்தியின் கணக்கை அவர் தனக்குள் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறார். சூப்பர் மார்க்கெட்டிலும் பீர் இருக்கிறதே என்று நான் குதர்க்கமாகக் கேட்டதற்கு, அது விற்கிற இடம், குடிக்கிற இடமில்லை, ஆனாலும் அந்த வரிசைப் பக்கம் போவதில்லை என்றார். கலியாண மண்டபங்களில் ஆண்கள் குடிப்பார்கள் என்பதால் நண்பர்கள் வீட்டுக் கலியாணத்துக்குக்கூட வாசலில் வாழ்த்திவிட்டுத் திரும்பிவிடுவாராம். தலைக்கனம் பிடித்தவன் என்று பெயர். 'கார் அண்ணை' என்று பட்டப்பெயர் வேறு.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"போகத்தான் வேணும். அவ ஒண்டும் கேட்டதில்லை. இது ஒண்டுதான் கேட்டிருக்கிறா." அவர் கை ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. "ஆனா பயமாக் கிடக்கு. எனக்கு ஏதும் நடந்தாப் பரவாயில்லை. நேர்த்தி வைச்சது அவவின்ர உயிருக்கு. நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ."

நான் சத்தியம் செய்துகொடுத்தேன். அந்த மூன்று வாரம் நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் மூச்சு முட்டுகிறது. என்னைப் போன்ற ஓட்டைவாயிடம் ஒப்படைக்கக்கூடிய ரகசியமா அது? அக்கா எதிரே நின்று "அவர் வருவாரோ தெரியாது" என்று கவலைப்படும்போதெல்லாம் வாய்வரைக்கும் வந்ததை அன்னாசிச் சாற்றோடு விழுங்கினேன். சொன்னால் அக்கா கடையை விட்டுவிடுவார். சொல்லாவிட்டால் அந்த மனிதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறுவார். எது குறைந்த கெடுதல் என்று எனக்கு விளங்கவேயில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தது. அக்கா என்னையும் வரச்சொல்லியிருந்தார், தனியாக இருக்கப் பயமாக இருக்கிறதாம். மாலை ஆறு மணிக்கும் வெயில் தெருவில் படுத்துக்கிடந்தது. அருவிக்குப் பக்கத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஃப்ராவ் பிரான்ட் கைத்தடியோடு முன்கூட்டியே உட்கார்ந்துவிட்டார். அக்கா பூச்சட்டைக்குப் பதிலாகக் கரும்பச்சைச் சேலை கட்டியிருந்தார். நெருப்புத் தட்டும் தயார்.

நீலக் கார் வந்து நின்றது. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அதன் ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, ஞானசுந்தரம் அண்ணை தெருவைக் கடந்து வந்தார். முதல் படிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா மேலே நின்றார். நான் அவருக்குப் பின்னால்.

"வாங்கோ" என்றார் அக்கா.

அவர் அசையவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் போயிருக்கும். அக்காவின் முகம் மெல்ல மாறியது.

"விருப்பமில்லாட்டி விடுங்கோ. உங்களுக்கு வெக்கம் எண்டு எனக்குத் தெரியும். நான் குறை சொல்லேல்லை."

"வெக்கமோ?" என்றார் அண்ணை. "உம்மில எனக்கு வெக்கமோ?"

அதற்கு மேல் தாமதித்தால் கெட்டுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, வலது காலைத் தூக்கினார். கண்ணை மட்டும் அக்காவிடமிருந்து எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது என்பது போல.

"ஏன் என்னை இப்பிடிப் பாக்கிறியள்?"

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். உமக்கு ஒண்டும் நடவாது."

"எனக்கு என்ன நடக்கப்போகுது?"

தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. அக்கா அந்தக் காலைப் பார்த்தார், திருநீற்றைப் பார்த்தார், மறுபடி அவர் கண்ணைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை, திறக்கத் தேவையும் வரவில்லை.

"நேர்த்தியோ?" என்றார் அக்கா, மிகவும் மெதுவாக.

அவர் தலையசைத்தார்.

"காலைக் கீழ வையுங்கோ" என்று சொல்லிக்கொண்டே அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு படியும் இறங்கி ஓடினார். அவருடைய தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளி, தெருவில் நிறுத்தினார். "எப்ப வைச்சது?"

"நீர் மொஸ்கோவில இருந்து வரேக்க. உம்மைக் காணேல்லை எண்டு சொன்ன அண்டைக்கு."

"அப்ப இவ்வளவு காலமும் அந்தக் காருக்குள்ள இருந்தது..."

"ஓம்."

"எனக்குச் சொல்லியிருந்தா..."

"நீர் வேலையை விட்டிருப்பீர்."

அக்கா அழத் தொடங்கினார். அழுகையோடு கோபமும் வந்தது. அவர் நெஞ்சில் கையால் இரண்டு குத்துக் குத்தினார். "பதினாறு வருசம் உங்களைப் பற்றிப் பிழையா நினைச்சுக்கொண்டு உங்களுக்குச் சோறு போட்டனே. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே." அவர் குத்துகளை வாங்கிக்கொண்டு நின்றார். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்.

உள்ளேயிருந்து ஃப்ராவ் பிரான்ட் கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். என்ன நடக்கிறது, சண்டையா என்று கேட்டார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். கடவுளிடம் செய்த சத்தியம், மனைவியின் உயிருக்காக, மது குடிக்கும் இடத்தின் படியை மிதிப்பதில்லை என்று. கேலி செய்வாரோ என்று பயந்தேன். கிழவி தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

"என் அண்ணன் ரஷ்யாவுக்குப் போருக்குப் போனான்" என்றார். "அவன் திரும்பி வரும்வரை இனிப்பே தொடமாட்டேன் என்று என் அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். அவன் வரவில்லை. அம்மா சாகும்வரை தொடவில்லை." அண்ணையை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "இவருக்கு மனைவி வந்து சேர்ந்துவிட்டாள். அப்படியானால் இவர் அந்தச் சத்தியத்தை நன்றாகத்தான் காப்பாற்ற வேண்டும். என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய், மேசையை வெளியே தூக்கு."

என்னைத்தான் சொன்னார். நானும் சமையல்காரரும் மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து நடைபாதையில் போட்டோம். அருவி இல்லை, மரச்சிலை இல்லை, எதிரே நிறுத்தியிருந்த கார்களும் ஒரு சைக்கிள் கடையும்தான். நடுவில் நெருப்பு எரிய, தட்டு சுழன்றது. நடந்துபோனவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். படிக்கு வெளியே என்றால் நேர்த்திக்குச் சரிதானா என்று நான் அண்ணையின் காதில் கேட்டேன். படி என்றுதான் சொன்னேன், தெரு என்று சொல்லவில்லை என்றார். அதையும் யோசித்து வைத்திருந்திருக்கிறார். கிழவி மட்டும் ரம் குடித்தார். தன் கிண்ணத்தை மேசையின் அந்தக் கோடியில், அவரிடமிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடிக்கும் முன்பே கிழவி சொல்லிவிட்டார். "கடை உனக்குத்தான், ரஞ்சினி. நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். "வேண்டாம்" என்றார். ஜெர்மனில் ஒரு முறை சொல்லிவிட்டு, அண்ணையிடம் திரும்பித் தமிழில் மறுபடி சொன்னார். "எனக்கு வேண்டாம். திங்கக்கிழமையே வேலையையும் விடுறன். உங்களை இனி வெளியில விட்டுட்டு நான் உள்ளுக்கு நிக்க ஏலாது."

இது நடக்கும் என்று அண்ணைக்குப் பதினாறு வருடமாகத் தெரியும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"அப்ப நான் காரில இருந்ததெல்லாம் என்னத்துக்கு? இந்தச் சொல்லு உம்மட வாயில வரக்கூடாது எண்டுதானே அவ்வளவு குளிரிலயும் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். இப்ப விட்டீரெண்டால் எல்லாம் வீணாப் போச்சு. கடையை எடும். நான் வெளியில நிண்டு சாமான் இறக்கிறன், கணக்குப் பாக்கிறன். எனக்காக விட்டன் எண்டு மட்டும் சொல்லாதையும்."

அக்கா சுழல் தட்டிலிருந்து ஓர் அன்னாசித் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார். பிறகு கிழவியிடம் "எடுக்கிறேன்" என்றார்.

கிழவி கிண்ணத்தைத் தூக்கினார். நான் என் சாற்றைத் தூக்கினேன். அவர்கள் இருவரும் எதையும் தூக்கவில்லை. அக்கா நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"ஒரு நாளாவது உள்ளுக்கு வர ஆசை வரேல்லையோ உங்களுக்கு?"

"ஒவ்வொரு நாளும் வந்தது" என்றார் அவர். "கதவு திறக்கேக்க நீர் சிரிக்கிற சத்தம் கேக்கும். என்னத்துக்குச் சிரிக்கிறீர் எண்டு மட்டும் தெரியாது. வீட்டை வரேக்க களைச்சுப்போவீர், கேக்க மனம் வராது."

"என்னத்துக்கோ? இந்தச் சனங்கள் செய்யிற வேலைக்கு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கா அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.